தொடுவதற்கு முன்

விருதுநகரில் பிள்ளைகளுக்கான மனநல மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் பத்தாவது படிக்கும் அவர் மகள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். என் மகன் வர மறுத்துவிட்டதால் நான் மட்டும் போயிருந்தேன்.

அந்த அம்மாவின் நகக்கண்களில் பட்டாசு வேலையின் அலுமினியப் பொடி மினுங்கியது. மகளுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதும், முடியை ஒதுக்கிவிடும்போதும், முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டார்.

"எதுக்கு அந்தக் கம்பியத் தொட்டுக்கிட்டே இருக்கீக?" என்று கேட்டேன்.

கூச்சத்தோடு சிரித்தார். "கம்பெனில மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முந்தி வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொடணும்ணே. ஒடம்புல உள்ள கரண்டு இறங்கிரும். இல்லாட்டி ஒரு பொறி போதும், எல்லாம் வெடிச்சிரும். இவ நாலு மாசமா சரியாச் சாப்பிடல, யார்கிட்டயும் பேசல. சோம்பேறின்னு ஏசிக்கிட்டே இருந்தேன். இது நோவுன்னு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. இப்ப கோவத்த இறக்கிட்டுத்தான் இவளத் தொடுதேன்."

சொல்லிவிட்டு மறுபடி கம்பியைத் தொட்டார். பிறகு மகளின் தோளில் கை வைத்தார். அவள் நிமிரவில்லை; ஆனால் கையைத் தட்டிவிடவும் இல்லை.

வீட்டில் என் மகனின் அறைக்கதவு அன்றும் சாத்தியே இருந்தது. அதன் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கோபம் இறங்கவில்லை. தட்டாமலே திரும்பிவிட்டேன்.