அக்டோபரில் எடுத்த அளவு

ஒரகடத்தில் ஒரு வொர்க்‌ஷாப் மாடியில் எங்கள் ஆபீஸ். பனி கொட்டும் நாடுகளில், பழைய ரோட்டின் மேல் புதுத் தார் அடுக்கு எவ்வளவு கனத்தில் போட வேண்டும் என்று இங்கிருந்து கணக்குப் போட்டு அனுப்புகிறோம். நான் காலேஜ் பார்த்தவன் இல்லை. மண்ணூர்ப் பக்கம் தார் வேலையில் நின்று, கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவன். கீழே டீக்கடைக்காரர் கேட்பார்: "இன்னாபா, வாசல்ல பள்ளம் கீது, அத்த வுட்டுட்டு ஐஸுக்கு ரோடு போட்டுக்கினு கீற?" அதை நானே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது பக்கத்து மேசைப் பெண். காஞ்சிபுரத்துக்காரி, காண்ட்ராக்ட் வேலை, நிரந்தரம் ஆகக் காத்திருந்தாள்.

ஒருமுறை அப்படியொரு நாட்டிலிருந்து, ரோட்டில் எடையைப் போட்டு, அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து அனுப்பியிருந்தார்கள். வருஷத்தில் தரை மிகவும் இளகிக் கிடக்கும் காலத்தை வைத்துத்தான் கனம் முடிவாகும். அளந்தது அக்டோபரில்.

"இத்த அப்டியே எடுத்துக்கலாமாண்ணா?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "அக்டோபர் மழைல நம்ம வல்லம் வடகால் ரோடே சேறாக் கெடக்கும்மா. அதவிட மோசமான மாசம் ஏது?"

அவளுக்கும் தெரிந்த மழைதான். கையெழுத்துப் போட்டாள்.

அங்கே அக்டோபரில் தரை கெட்டியாக இருக்குமாம். குளிர் முடிந்து பனி உருகும்போதுதான் மேல்மண் குழம்பாகும். அடிமண் இன்னும் உறைந்தே கிடப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. இதெல்லாம் உடைந்த ரோட்டின் போட்டோ அங்கிருந்து வந்தபிறகு படித்தது. நாங்கள் சொன்ன கனம் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. லாரிச் சக்கரம் போன தடம் நெடுக அப்பளமாய் நொறுங்கியிருந்தது.

மேனேஜர் இருவரையும் அழைத்து, அக்டோபர் அளவே போதும் என்று முடிவு செய்தது யார் என்றார். இந்த நாற்காலி போனால், சர்டிபிகேட் இல்லாத எனக்கு வேறு எவன் வேலை தருவான் என்பது மட்டும் மனதில் ஓடியது. அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நான்தான் சார் செக் பண்ணேன்" என்றாள். மேனேஜர் என்னைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மதியத்துக்குள் அவளை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாண்ணா. சொல்றவர்னா உள்ளயே சொல்லியிருப்பீங்க."

மறுநாளும் சொல்லவில்லை. இப்போது அந்த மேசைக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். சந்தேகம் என்றால் என்னைத்தான் கேட்கிறாள்.