பதுளை பஸ்ஸில் ஒழுகிய கருப்பட்டி

எங்க மண்டியில உக்காந்திருந்தா மூக்குல கருப்பட்டி வாசம், காதுல துறைமுகத்துச் சத்தம். தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல் சங்கு ஊதும்... அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து வாசல்ல போய் நிப்பேன்.

ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சிருந்த சமயம். எனக்கு மீசை அரும்பின வயசு. எங்க அப்பாவை ஐயான்னுதான் கூப்பிடுவோம். உடன்குடியில இருந்து கருப்பட்டி வரவழைச்சு தூத்துக்குடியில மொத்த வியாபாரம். நான் ஒரே பையன். கல்லாப்பெட்டி பக்கத்துல எனக்குன்னு ஒரு மணை வேற போட்டு வச்சிருந்தார். அதுல உக்காராம நழுவப் பாப்பேன்.

அப்போதான் இலங்கையில, பதுளையில கடை வச்சிருந்த எங்க ஊர் அண்ணாச்சி ஒருத்தர் சொல்லி அனுப்பினார்... தேயிலைத் தோட்டத்துல இருக்கிற நம்ம ஜனங்க கருப்பட்டிக்கு ஏங்குறாங்க, கொஞ்சம் அனுப்பிப் பாருங்கன்னு.

ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, சாம்பிள் சரக்கு கொண்டுபோய்க் காமி. யாவாரம் படிஞ்சுதுன்னா வருசம் பூரா நீதாம்ல போய்ட்டு வரணும். படியலன்னா வாய மூடிட்டு கல்லாவுல உக்காரணும், கேட்டியா?"

எனக்கு யாவாரமா முக்கியம்? 'போய்ட்டு வரணும்'... அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டேன்.

சரக்குத் தோணியில கொழும்புக்குப் பயணம். பனையோலையில கட்டின கருப்பட்டி மூட்டையைச் சிப்பம்னு சொல்லுவோம். தோணி ஓட்டுற தண்டல் என் சிப்பத்தைத் தார்ப்பாய் போட்டுச் சுத்திக் கட்டிக் கொடுத்தார். ஒரு சொட்டு கடல் தண்ணி படல. வாந்தி எடுத்தது நான் மட்டும்தான்.

கொழும்புல இறங்கினதும் தார்ப்பாயை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். கடலையே தாண்டியாச்சு, இனிமே என்ன வரப்போகுதுன்னு ஒரு தெனாவட்டு. செம்மண் தேரிக்காட்டுக்காரனுக்கு மழையைப் பத்தி என்ன தெரியும்!

பதுளைக்கு ரயிலும் உண்டு. ஆனா பஸ்னா ஊர் ஊரா நிக்குமே... சிப்பத்தை டாப்புல கட்டிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்தேன். நின்ன இடத்துல எல்லாம் இறங்கினேன். ஒரு ஊர்ல இடியாப்பம், ஒரு ஊர்ல அவிச்ச மரவள்ளி. பாஷை தெரியாது. கையைக் காட்டுவேன், சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். ஒவ்வொரு வளைவுக்கும் அந்தப் பக்கம் என்ன இருக்கோன்னு எட்டி எட்டிப் பாத்து கழுத்தே பிடிச்சுக்கிச்சு.

மலை ஏற ஆரம்பிச்சதும் பிடிச்சுது பாருங்க மழை... வானம் பொத்துக்கிட்டு!

கொஞ்ச நேரத்துல ஜன்னல் வழியா கறுப்பா ஏதோ வழிஞ்சுது. முன் சீட்டுக்காரரோட வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பு. ஆயில் லீக்குன்னு நினைச்சு டிரைவர் வண்டியை நிறுத்திட்டு இறங்கினார். அடியில பாத்தார்... மேல பாத்தார்... வழிஞ்சதை விரல்ல தொட்டு நாக்குல வச்சார்.

"ஹக்குரு!"

பஸ்ஸே கொல்லுன்னு சிரிச்சுது. அவங்க பாஷையில வெல்லத்துக்கு அதுதான் பேராம். எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. என் அடுத்த பயணமும் அதோட சேர்ந்து கரையுதே... மண்டியில கிடக்கிற மணை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

கண்டக்டருக்குத் தமிழ் தெரியும். "தம்பி, உங்கட சாமானா? அழாதிங்கோ"ன்னு சொல்லிட்டு, நனைஞ்சுக்கிட்டே மேல ஏறி சிப்பத்தை இறக்கினார். மேல் அடுக்கு கூழாப் போச்சு. உள்ள இருந்ததெல்லாம் முழுசா இருந்துச்சு. ஆனா எங்க வைக்க? பஸ்ஸுக்குள்ள தரை பூரா தண்ணி.

கைக்குழந்தையோட இருந்த ஒரு சிங்கள அக்கா, ஒண்ணை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. அதைப் பாத்து பக்கத்துல இருந்தவர் ஒண்ணு... அப்புறம் மொத்த பஸ்ஸும். ஆளுக்கொரு கருப்பட்டியை மடியில வச்சுக்கிட்டு மலை ஏறினோம். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் மடியிலயும் ஒண்ணு!

இறங்குறவங்க எல்லாரும் என் கையில திருப்பிக் கொடுத்துட்டுத்தான் இறங்கினாங்க. ஒண்ணு ரெண்டுல பல் தடம் இருந்துச்சு, அது வேற விஷயம்.

அந்த அக்கா இறங்கும்போது வாழைச்சருகுல கட்டின ஒரு பொட்டலத்தை நீட்டினாங்க. பிரிச்சா... நம்ம கருப்பட்டி மாதிரியே சிரட்டையில ஊத்தி எடுத்தது. கித்துள்னு அங்க உள்ள ஒரு பனை மரத்து வெல்லமாம். "அவங்கட வீட்டில காய்ச்சினது. உங்கட வீட்டுக்குக் கொண்டுபோகட்டாம்"னார் கண்டக்டர்.

பதுளை அண்ணாச்சி எங்க சரக்கைக் கடிச்சுப் பாத்துட்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டார். "இதாம்ல கருப்பட்டி! ஐயாவை அனுப்பச் சொல்லு." எனக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல.

திரும்பி வர்ற வழியெல்லாம் அந்த வாழைச்சருகுப் பொட்டலத்தை நெஞ்சோட அணைச்சு, ஒரு சொட்டுத் தண்ணி படாம கொண்டுவந்தேன். பசிச்சப்பகூடத் தொடல. பஸ்ல நடந்ததையெல்லாம் சொல்லி, பெருமையா ஐயா கையில கொடுத்தேன்.

ஐயா கிள்ளி வாயில போட்டார். இன்னொரு தடவை கிள்ளினார்.

"இது அங்கன கெடைக்குதாலே?"

"ஆமய்யா! வீட்டுக்கு வீடு காய்ச்சுதாங்களாம்!"

ஐயா கையைத் துண்டுல துடைச்சுக்கிட்டார்.

"அப்பம் நம்ம சரக்கு அங்கன எத்தனை நாளைக்குலே நிக்கும்? கடல் தாண்டி, மழையில பாதி ஒழுகி... வேண்டாம். போய் உக்காரு."

உக்காந்தேன். ஐயா காலத்துக்கு அப்புறமும் உக்காந்தேன். இலங்கைக்கும் பாஸ்போர்ட், விசான்னு வந்துருச்சு. எனக்கும் கல்யாணம், பிள்ளைகுட்டின்னு ஆயிருச்சு. கப்பல் சங்கு கேட்டா மட்டும் உக்காந்த இடத்துலயே காலு தானா ஆடும். மனசு ஆறவே இல்ல.

இப்போ வயசு தொண்ணூறு தாண்டிருச்சு. பேத்தி முதுகுல ஒரு பையை மாட்டிக்கிட்டு வியட்நாமைப் பஸ்லயே சுத்துறா. பாஷை தெரியாட்டி போனே பேசிக்கொடுத்துருமாம். நேத்து வீடியோ கால்ல வந்தா. ஜன்னல் ஓர சீட்டு, வெளிய நல்ல மழை. பக்கத்து சீட்டு அம்மா கொடுத்த தேங்கா மிட்டாயைக் காட்டினா.

"தாத்தா, சூப்பரா இருக்கு! உங்களுக்கும் வாங்கிட்டு வரவா?"

"ஒண்ணும் கொண்டு வராத ஏளா... எல்லாத்தையும் அங்கனயே தின்னுட்டு வா."