மழைக்கு முன் காட்டிய இடம்

எங்கள் கடற்கரை ஊரான கீரிக்குத் திரும்பி வந்த முதல் வாரத்தில் அம்மா கேட்டது வீட்டைப் பற்றியல்ல. நான்கு தகரமும் ஒரு நீலத் தறப்பாளும்தான் வீடு, அதைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

"தம்பியை எங்க வைச்சதெண்டு காட்டு" என்றார்.

தம்பி பிறந்து பதினொரு நாளில் காய்ச்சலில் போனவன். அன்று அம்மா பிள்ளைப்பேற்றுப் பாயிலிருந்து எழும்ப முடியாமல் கிடந்தார். அப்பா சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க, மெழுகுதிரியோடு பின்னால் போனவள் நான். எனக்கு ஏழு வயது. அடுத்த இரண்டு கிழமைக்குள் நாங்கள் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டோம். அம்மா அந்தக் குழியைக் கண்ணால் கண்டதே இல்லை. அப்பாவோ திருவண்ணாமலைப் பக்கத்து முகாமிலேயே கண்ணை மூடிவிட்டார். ஆக, அந்த இடத்தைப் பார்த்தவள் என்று மிஞ்சியிருந்தது நான் ஒருத்திதான்.

கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி செத்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாள். அன்று பங்குச் சுவாமி சேமக்காலைக்கு வந்து கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். தன் பிள்ளைக்கு ஒருமுறைகூட அது நடக்கவில்லை என்பது அம்மாவுக்கு இருபது வருடத்துக்கு மேலான வேதனை. முகாமில் திரும்பிப் போகப் பெயர் பதிந்தபோது மற்றவர்கள் காணியையும் தோணியையும் பற்றிக் கதைக்க, அம்மா கார்த்திகைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் மடித்துக்கொண்டிருந்தார். இதற்காகவே வந்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

நாங்கள் வந்தது ஆவணியில். சோழகக் காற்று ஓயாமல் அடிக்கிற காலம். சோற்றை வாயில் வைத்தால் மணல் கடிபடும், காயப்போட்ட துணியை உதறினால் மணல் கொட்டும். சேமக்காலைக்குப் போய்ப் பார்த்தால் மதில் விழுந்து பாதி புதைந்து கிடந்தது. அடையாளமாக அப்பா அடிக்கடி சொல்லும் பூவரசு இல்லை. பழைய மரச்சிலுவை ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் புதிய சீமெந்துக் கல்லறைகள், மறுபக்கம் முழுக்கச் சமதரையான வெள்ளை மணல்.

மூன்று நாட்கள் அம்மா என்னை அந்த மணலில் மேலும் கீழும் நடத்தினார். நல்லா யோசி பிள்ளை, நல்லா யோசி பிள்ளை என்பதுதான் மூன்று நாளும் பேச்சு. என்னிடம் இருந்த ஞாபகம் இரண்டே இரண்டு. மெழுகு உருகி விரலைச் சுட்டது ஒன்று. அப்பாவின் சட்டை முதுகுப்பக்கம் நனைந்திருந்தது மற்றது. இதை வைத்துக்கொண்டு யார் ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது? எனக்குப் பொறுமை பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. மூன்றாம் நாள் மத்தியானம், நாக்கு வறண்டு, தலை சுற்ற, காலுக்கு முன்னால் இருந்த இடத்தைக் காட்டி இதுதான் என்றேன். அம்மா அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்துவிட்டார்.

குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார். என் வயதுதான் இருக்கும். மரியாதைக்கு அக்கா என்பார்.

"அவசரப்படாதேங்கோ அக்கா. ஒரு நல்ல மழை விழட்டும். வெட்டின இடமெல்லாம் தானா இறங்கிக் காட்டும்."

சோழகம் பள்ளங்களையெல்லாம் தூசி மணலால் நிரப்பிச் சமனாக்கிவிடும், மழை விழுந்தால் அந்த மணல் அமுங்கும், ஆண்டாண்டு இதுதான் நடக்கிறது என்று விளக்கினார். நான் வளர்ந்தது செம்மண்ணில். அங்கே மழை பெய்தால் சேறுதான் வரும், வேறொன்றும் வராது. அவர் சொன்னதை நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பது வசதியாகவும் இருந்தது.

அதன்பிறகு அம்மா மாலை தவறாமல் அங்கே போனார். சிப்பி பொறுக்கி வந்து சுற்றிவர அடுக்கினார். பலகைத் துண்டில் ஒரு சிலுவை செய்து நட்டார். பிறகு உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினார். அப்பா எப்படிச் செத்தார், முகாமில் தண்ணீருக்கு எப்படி வரிசையில் நின்றோம், அக்காக்காரி வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் என்னென்ன சொல்லித் தட்டிக்கழித்தாள், எல்லாம். என்னைப் பற்றிய முறைப்பாடுகளை ஒரு வெறும் மணலிடம் அவர் சொல்வதைத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஐப்பசி பிறந்ததும் காற்று நின்றது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் பிடிபடவில்லை. விடியற்காலையில் போர்த்திக்கொள்ளத் துணி தேட வேண்டியிருந்தது. பத்து மணிக்கு உடம்பு அவிந்தது. கிழக்கே கறுத்துக்கொண்டு வரும், நாலு துளி விழும், மணல் நனைந்ததா இல்லையா என்று குனிந்து பார்ப்பதற்குள் வெயில் எறிக்கும். இதுதான் மாரி என்றார் ஒரு அயலவர். வாடை கிளம்பாமல் என்ன மாரி என்று மற்றவர் மறுத்தார். என்னைக் கேட்டால் என்ன தெரியும்? இந்தியாக்காரிக்கு மழைக் கணக்கு விளங்காது என்று கேலிதான் மிச்சம்.

கிணறுகளெல்லாம் உவர்ந்து போயிருந்ததால் ஊரே வானத்தைப் பார்த்தது. நானும் பார்த்தேன். மழை வராவிட்டால் என் பொய் தப்பிக்கும், வந்தால் தம்பி கிடைப்பான். இரண்டும் எனக்கு வேண்டும் போல இருந்தது. கோயிலில் மழைக்காக எல்லோரும் மன்றாடியபோது நான் என்ன கேட்பது என்று தெரியாமல் வாயை மட்டும் அசைத்தேன்.

திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கொட்டத் தொடங்கியது. மூன்று நாள் விடவில்லை. தறப்பாள் ஒழுக, சட்டி பானை எல்லாம் நிலத்தில். வானம் சற்று வெளித்தபோது கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சேமக்காலைக்கு ஓடினேன்.

அம்மாவின் சிப்பிகள் அடுக்கியபடியே இருந்தன. நடுவில் நிலம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. யாரும் ஒருநாளும் வெட்டாத தரை அது. அங்கிருந்து முப்பது அடி தள்ளி, புதைந்த மதிலின் ஓரமாக, கை நீளத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இறங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர். எண்ணினேன். ஐந்து.

அந்த வருடம் காய்ச்சலில் கனக்கக் குழந்தைகள் போனதாம், எல்லோரையும் மதிலோரமாகத்தான் வைத்ததாம். குழி வெட்டுகிறவர் சொன்னார். எது எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். அப்போது அவரும் சிறுவன்தானே, தெரியாது என்றார். ஒன்று என்றால் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். ஒன்றுமே இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். ஐந்து என்றால் என்ன செய்வது? இரண்டு நாள் யோசித்தேன், விடை வரவில்லை. சொல்லவுமில்லை. தூறல் விடாததால் அம்மாவும் அந்த நாட்களில் அங்கே போகவில்லை.

திருநாள் அன்று வாடை உறைக்க அடித்தது, தூறலும் கூட. அம்மா மெழுகுதிரிகளைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு நடந்தார். சேமக்காலைப் படலையைத் திறந்து உள்ளே நாலடி வைத்தவர் அப்படியே நின்றார். மதிலோரத்தைப் பார்த்தார், பிறகு தன் சிப்பிகளைப் பார்த்தார். குழி வெட்டுகிறவர் அன்று சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"எனக்குத் தெரியாதம்மா" என்றேன். "அண்டைக்கும் தெரியாது. வெயில் தாங்கேலாமல் காட்டினனான்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரோட கதைச்சனான்?"

அதற்குள் சுவாமி எங்கள் பக்கம் வந்துவிட்டார். அங்கி நனைந்து காலோடு ஒட்ட, பற்கள் ஒன்றோடொன்று அடிக்க, உங்களுடையது எது அம்மா என்று கேட்டார். அம்மா ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"அந்தா சுவாமி. அந்தக் கரையில இருந்து ரெண்டாவது."

ஒரு தயக்கமும் இல்லை. சுவாமி தம்பியின் பெயரைக் கேட்டு, அதைச் சொல்லி மந்திரித்து, மழைத்தண்ணீர் நின்ற பள்ளத்தில் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த இடத்தைக் காணாதவர் அவர். கண்ட எனக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரியும்? பெற்றவளுக்கு ஏதாவது தோன்றியிருக்குமோ? வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேவிட்டேன்.

"எனக்கென்னண்டு தெரியும்?" என்றார் அம்மா, நடையை நிறுத்தாமல். "சுவாமி மழைக்குள்ள நடுங்கிக்கொண்டு நிக்கிறார். நீ வாயைத் திறக்கேல்லை. ஆரோ ஒராள் காட்டத்தானே வேணும்."

மறுநாள் மாலையும் அவர் போனார். சிப்பிகளைத் தொடவில்லை, அந்த இரண்டாவது பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். வழக்கம்போல நான் தள்ளி நின்றேன். இருட்டும்வரை நின்றேன். அம்மா ஒரு சொல்லும் கதைக்கவில்லை.