ஸ்டீல் ஸ்கேலோடு எண்ணூருக்கு

மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கே நாள் இருந்தபோது இராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போனேன். வேடிக்கை பார்க்க அல்ல. இருபது வருடமாக எனக்கு மீன் கொடுக்கும் தேசம்மாளின் பழைய விசைப்படகு, சோதனை ஓட்டத்திலேயே நின்றுவிட்டது. முதல் நாளே கடலுக்குப் போகாவிட்டால் அந்த வருடத்தின் நல்ல விலை கைநழுவிவிடும்.

காலை 8.10 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், கடல்காற்று வரும். கூட வந்த தேசம்மாளின் மடியில், படகிலிருந்து கழற்றித் துணியில் சுற்றிய ஆறு உலோகப் பட்டைகள்.

எதிரில் இருந்தவர், "இன்னாக்கா, கருவாடா?" என்றார்.

"கடிச்சிப் பாரு நைனா, பல்லு கீதா இல்லியான்னு தெரியும்" என்றாள் தேசம்மாள்.

ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மேஸ்திரி டில்லியின் பட்டறை. ஆட்டோவுக்கு 60 ரூபாய்.

விஷயம் இதுதான். புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது படகு முன்னால் போகிறது. அந்த உந்துதல் முழுவதையும் தாங்குவது த்ரஸ்ட் பேரிங். அதன் பட்டைகளுக்கும் சுழலும் தட்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் இருக்கும். உலோகமும் உலோகமும் தொடவே கூடாது.

டில்லி பட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் மட்டும் கருகியிருந்தது. ஓரங்கள் பளபளத்தன.

"எவன்க்கா இத்த சொரண்டினான்? கண்ணாடியாட்டம் பண்ணிகீறான், ஆனா அப்பளமா ஆக்கிட்டான். சூடு ஏறுனா தட்டு சுத்தற மூஞ்சிப் பக்கம் விரியும். ஆயில் அழுத்தம் வேற ஓரத்த பின்னாடி தள்ளும். கொஞ்சம் வளைஞ்சா நல்லது, ஆயில் உள்ள போவும். இது மாதிரி ஒல்லியா இருந்தா நடு மட்டும் துருத்திகினு நிக்கும். அங்க ஆயில் நிக்காது. ஒரே பேஜாரு."

தேசம்மாள் கூரையைப் பார்த்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

"நான்தான்" என்றேன்.

போன வாரம் வேறொரு பட்டறையில், என் கணவரின் ஸ்டீல் ஸ்கேலைப் பட்டைமேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதென்று ஐந்து முறை சுரண்ட வைத்தவள் நான். கான்வென்ட்டில் எங்கள் கோடுகள் கோணியதே இல்லை.

டில்லி சிரித்துவிட்டார். "நீங்க அளந்தது ஆறிப்போன இரும்ப, மேடம். அது வேல செய்யறது சூட்டுல. அந்த ஸ்கேல குடுங்க."

அலமாரியிலிருந்து தடித்த புதுப் பட்டைகளை எடுத்து, அவற்றின் தடிமனை அதே ஸ்கேலால் அளந்தார். சரியாக இருபது மில்லிமீட்டர். நான்கு மணிக்கு வேலை முடிந்தது.

மறுநாள் காலை அவற்றைப் படகில் பூட்டி இரண்டு மணி நேரம் ஓட்டினார்கள். நான் ஆயில் தெர்மாமீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 62 டிகிரியில் நின்றது, அதற்குமேல் ஏறவில்லை.

"எறங்கும்மா" என்றாள் தேசம்மாள். "வுட்டா கடல் அலையக்கூட ஸ்கேலு வெச்சி நேராக்குவ."

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். மூடிய செருப்பு அவசியம், தரையெங்கும் இரும்புச் சீவல். பேரிங்கைப் பிரித்தால் எங்கே கருகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், பளபளப்பைப் பிறகு பார்க்கலாம்.

தடை முடிந்த முதல் நாளே படகு கடலுக்குப் போய், நிறைய மீனோடு திரும்பியது. தேசம்மாள் எனக்கு ஒரு முழு வஞ்சிரம் கொண்டுவந்தாள். வால் கொஞ்சம் வளைந்திருந்தது. நான் ஸ்கேலைத் தேடவில்லை.