அடுப்பங்கரையில் ஓடிய டிவி

எங்கள் வீட்டில் டிவி வாங்கியதற்குக் காரணம் சின்ன வெங்காயம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் விவசாய நிகழ்ச்சிக்காக டிவிக்காரர்கள் எங்கள் கொல்லைக்கு வந்து, அம்மா போட்டிருந்த வெங்காயப் பட்டறையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். விலை ஏறும்வரை வெங்காயம் அழுகாமல் இருக்க, படல் கட்டிச் சேர்த்து வைப்பதைத்தான் எங்கள் பக்கம் பட்டறை என்போம். அப்பா கால் மணி நேரம் பேசினாராம். பிறகு அவர் இளநீர் வெட்டப் போன சமயத்தில் அம்மாவையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பெரம்பலூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

"என்னம்மா பேசுன?" என்று கேட்டால், "என்னமோ சொன்னேன். போடுறாங்களோ என்னமோ" என்பாள் அம்மா.

"அத எங்க போடப் போறான். வெட்டிருவான்" என்பார் அப்பா.

 அம்மா என்னிடம் தனியாக, வெட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்வார்களா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். தான் பேசியது வருமா வராதா என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டும்.

வியாழக்கிழமை கார்டு வந்தது. ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஒளிபரப்பாம். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்த அப்பா, அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று தன் முகத்தைப் பார்க்க முடியாது என்று கலர் டிவி வாங்க முடிவு செய்தார். வெள்ளி அஷ்டமி, சனி நவமி. ஆகவே ஞாயிற்றுக்கிழமைதான் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம் என்பது காலண்டரைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நிகழ்ச்சி சரியாக அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்து வழி கண்டுபிடித்தார். நாலரைக்கு முன்னால் போட்டுவிட்டால் அது நல்ல நேரத்தில் ஆரம்பித்த டிவி. அப்புறம் ராகு காலம் பாட்டுக்கு வரலாம், டிவி பாட்டுக்கு ஓடலாம்.

கடைக்காரர் டிவியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தபோது மணி நாலு. அவர் மாடியில் ஆன்டெனாவைக் கட்டி, ஜன்னல் வழியாக வயரை இறக்கிவிட்டு வந்தபோது நாலு இருபது. கூடத்து பிளக்கில் டிவியின் பின் நுழையவில்லை. "பத்து நிமிஷத்துல மாத்தித் தரேங்க" என்றார் அவர். பத்து நிமிஷத்துக்கு எங்கே போவது? வீட்டில் பொருந்திய ஒரே பிளக், அடுப்பங்கரையில் மிக்ஸிக்குப் போட்டது. அப்பாவும் கடைக்காரரும் டிவியை ஆன்டெனா வயரோடு தூக்கிக்கொண்டு ஓடி, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் வைத்தார்கள். நாலு இருபத்தேழுக்கு அப்பா சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஸ்விட்சைத் தட்டினார். திரை முழுக்கப் புள்ளி. அப்பாவுக்கு அந்தப் புள்ளியே திருப்தியாக இருந்தது.

"சரி, நிறுத்திட்டுக் கூடத்துக்குக் கொண்டு போயிடலாங்க" என்றார் கடைக்காரர்.

"நிறுத்தக் கூடாதுங்க" என்றார் அப்பா.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். எங்கள் அப்பாவிடம் பேசி ஜெயித்தவர் அதுவரை யாருமில்லை. கடைக்காரர் மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்பினார். "இப்ப?" என்று அவர் மேலிருந்து கேட்க, "ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல" என்று நான் கீழிருந்து கத்த, ஒருவழியாக மூஞ்சியும் தெரிந்தது. கிளம்பும்போது, "படம் உருண்டா ஒரு தடவ நிறுத்திட்டுப் போடுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஞ்சு மணிக்கு கரண்ட் போனது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ராகு காலத்தில் மறுபடி போடுவதா? அம்மா வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்தாள். அஞ்சு இருபதுக்கு கரண்ட் வந்ததும் டிவி தானாகவே எரிந்தது. அப்பா எழுந்து, "நாம கை வக்கல. அதுவா வந்துச்சு. குத்தமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். எந்தப் பஞ்சாங்கத்தில் இந்தச் சலுகை இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு அடுப்பங்கரையில் காலை வைக்க இடமில்லை. அப்பாவின் பங்காளியான சித்தப்பா அம்மியின் மேல் உட்கார்ந்திருந்தார். சாம்பார் அடுப்பில் இருந்ததால் டிவியில் ஆவி படியப் படிய நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா திரையில் வந்து பத்து நொடி பேசினார். அவ்வளவுதான். மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். அடுத்தது அம்மா வந்தாள். வாயைத் திறந்தாள். அந்த நிமிஷம் பார்த்துப் படம் உருள ஆரம்பித்தது. அம்மாவின் கால் மேலேயும் தலை கீழேயுமாக ஓடியது, சத்தமும் கரகரத்தது.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம்.

"பரவால்ல, வுடுங்க" என்றாள் அம்மா. அவள் குரலைக் கேட்டு எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கும்பலை விலக்கிக்கொண்டு போய், ஸ்விட்சை நிறுத்திவிட்டுத் தன் கையாலேயே மறுபடி போட்டார். படம் கல்லு மாதிரி நின்றது. அம்மா தெளிவாகப் பேசினாள்.

"அடியில கல்லு வச்சு, காத்து போக வுடணுங்க. எங்க வூட்டுக்காரரு அதெல்லாம் வேணாம், தரையிலயே கொட்டுன்னாரு. ரெண்டு வருஷம் அவரு பேச்சக் கேட்டேன். ரெண்டு வருஷமும் அழுவிப் போச்சு. மூணாவது வருஷம் கேக்கல."

சித்தப்பா அம்மியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் அவள் பயந்தது வெட்டிவிடுவார்கள் என்றா, வெட்டாமல் போட்டுவிடுவார்கள் என்றா என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"என்னண்ணே, அண்ணி இப்புடி வுட்டுடுச்சு" என்றார் சித்தப்பா.

அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நெசத்தத்தானடா சொல்றா" என்றார். "சத்தம் போடாத. இன்னும் பேசுறா."