ஸிபான் எழுதிக் கொடுத்த மறுப்பு

“தந்தை, வயது 36, கடை உரிமையாளர். தடுப்பூசியை உறுதியாக எதிர்ப்பவர். காரணம்: மத நம்பிக்கை. பலமுறை விளக்கியும் மனம் மாறவில்லை.”

சுகாதாரப் பிரிவின் கோப்பில் ஸிபானைப் பற்றி இப்படித்தான் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் அவருடைய மின்சாரச் சாமான் கடைக்கு ஒரு தடவையாவது போனவர்கள் இதை வாசித்தால், இது வேறு யாரோ ஸிபான் என்றுதான் நினைப்பார்கள். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று மூன்று மொழியில் பலகை மாட்டியவர் அவர். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் மூன்று வருஷம் பாவித்த ரைஸ் குக்கரைத் திரும்ப எடுத்துக்கொள்வார். உறுதியாக எதிர்ப்பது இருக்கட்டும், படியேறி வந்த மனிதரிடம் ‘இல்லை’ என்று சொல்லவே அவருக்கு வாய் வராது. இல்லாத சாமானைக் கேட்டால் “நாளைக்கு வரும்” என்பார்.

மார்க்கமும் குறுக்கே நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு ஊசி போடுங்கள் என்று ஊர்ப் பள்ளிவாசலிலேயே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த ஒலிபெருக்கியைத் திருத்திக் கொடுத்தவர் ஸிபான்.

மகள் ஸஹ்லாவுக்கு ஒன்பது மாதம் முடிந்து, சின்னமுத்து என்கிற தட்டம்மைக்கான தடுப்பூசிக்கு நாள் வந்தது. மனைவி நஸ்லியா மடுல்கெல்லப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பிரசவ லீவு முடிந்து, காலை ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்கத் தொடங்கியிருந்தார். பகலில் பிள்ளை நஸ்லியாவின் சின்னம்மாவான சாச்சி வீட்டில். கிளினிக் மாதத்தில் ஒரேயொரு புதன்கிழமை.

“இந்தப் புதன் நீங்க கொண்டு போறீங்களா, நான் லீவு போடவா?”

“நீங்க ஏன் லீவு போடணும்? நான் கொண்டு போறன்.”

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கடைக்கு அரூஸ் வந்தார். ஸிபானுக்குப் பத்து வயது மூத்த நானா. வாப்பா மௌத்தாகிக் கண்மூடிய பிறகு தம்பியைப் படிப்பித்து, கடை போட்டுக் கொடுத்து, பெண்ணும் பார்த்து வைத்தவர். டெலிபோனில் வீடியோ பார்த்து வைத்தியம் கற்றவர்.

“ஊசிக்கா? என்னத்துக்குடா இவ்வளவு அவசரம்? ரெண்டு வயசு ஆகட்டும். புள்ளட ஒடம்பு தானாப் பெலம் எடுக்கணும்.”

“சரி நானா.”

“நான் வாணாம்ன்டு சொல்லல்ல. கொஞ்சம் பொறுன்டுதான் சொல்ற.”

“சரி நானா.”

இப்போது அவர் இரண்டு பேருக்குச் சரி சொல்லியிருந்தார். இரண்டையும் ஒரே புதன்கிழமையில் நிறைவேற்ற வழி கிடையாது. புதன்கிழமை வந்து போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நஸ்லியா கேட்டபோது, “மருந்து வரல்லயாம், அடுத்த மாசம் வரட்டாம்” என்றார். கடையில் தினமும் சொல்கிற பொய்தான். அங்கே அதனால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

அடுத்த மாதமும் மருந்து வரவில்லை.

“பிரைவேட்ல போட்டுருவமா?” என்று கேட்டார் நஸ்லியா.

“வாற மாசம் கட்டாயம் வருமாம்.”

அதற்குப் பிறகுதான் மிட்வைஃப் சிந்துஜா கடைக்கு வந்தார். புசல்லாவைக்காரர். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறவர்.

“என்னங்க ஸிபான் அண்ணே, ரெண்டு கிளினிக் போயிருச்சு, பாப்பாவக் கண்ணுலயே காட்டல?”

“வாறோம் மிஸ், கட்டாயம் வாறோம்.”

“இதையேதான போன மாசம் போன்லயும் சொன்னீங்க. புத்தகம் பாக்க எனக்கு மேலருந்து வர்றாங்க. ஒண்ணு ஊசி போட்ட திகதி இருக்கணும், இல்லாட்டி வேணாம்னு நீங்க எழுதிக் குடுத்தது இருக்கணும். வெறுங் கட்டமா இருந்தா ஏச்சு எனக்குத்தான்.”

படிவத்தை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். மிரட்டத்தான் வைத்தார். அதற்கு முன் இருபது பேரிடமாவது வைத்திருப்பார். அத்தனை பேரும் பயந்துபோய் அடுத்த கிளினிக்குக்குப் பிள்ளையோடு வந்து நின்றார்கள். ஸிபான் பேனையை எடுத்தார்.

“காரணம்ன்டு ஈக்கிதே மிஸ், எதுக்குப் புள்ளடி போடுற?”

“உண்மையா எதுவோ அதுக்குப் போடுங்க.”

உண்மையான காரணத்துக்கு அதில் கட்டம் இருக்கவில்லை. முதலாவதாக இருந்த கட்டத்தில் புள்ளடிக் குறி போட்டார். அது மத நம்பிக்கை. தன்னால் சிந்துஜாவுக்கு ஏச்சு விழக்கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரம் அவர் மனதில் இருந்தது. மறுக்க வாய் வராத மனிதர், மறுப்புக் கடிதத்தையும் மறுக்க முடியாமல் ஒப்பமிட்டார்.

சிந்துஜா கொஞ்சம் தடுமாறிப்போனார். “நல்லா யோசிங்கண்ணே. பாப்பாவோட வந்தீங்கன்னா இதக் கிழிச்சுப் போட்டுர்றேன்.”

“கட்டாயம் மிஸ்.”

சிந்துஜாவின் பையில் மங்கிக் கிடந்த டோர்ச்சுக்குப் புது பற்றரி போட்டுத்தான் ஸிபான் அனுப்பினார்.

மூன்றாவது கிளினிக்குக்கு நான்கு நாள் இருக்கும்போது ஸஹ்லாவுக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, முகத்தில் தொடங்கிய சிவப்பு வயிறு வரை இறங்கியது. சின்னமுத்து. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கத் தொடங்கியதும் பேராதனைக்குக் கொண்டு ஓடினார்கள். ஒன்பது மாத ஊசி போட்டதா என்று டொக்டர் கேட்டார்.

“மருந்து வரல்லன்டு சொன்னாங்களே டொக்டர்” என்றார் நஸ்லியா.

“மருந்து இல்லாமப் போகல்லயே” என்றார் அவர்.

நஸ்லியா திரும்பிப் பார்த்தார். ஸிபான் மகளின் காலுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஆறாம் நாள் ஸஹ்லா மௌத்தானாள். அவளுக்கு ஒரு வயது ஆக இன்னும் பதினேழு நாள் இருந்தது.

மையத்து வீட்டில் எல்லோரையும் விட அதிகமாக அழுதவர் அரூஸ். அடுத்த கிழமையே தன் கடைசி மகனைக் கண்டி டவுனில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோய் ஊசி போட்டுவிட்டார். “நீ வேன எடுக்கிறியா, என்னால ஏலாது” என்று தம்பியைக் கேட்டார். “சரி நானா” என்று வேனை ஓட்டியது ஸிபான். பிள்ளை அழுதபோது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

படிவத்தின் விஷயம் வெளியே வந்து, ஊரில் கதை வேறுமாதிரிப் பரவியது. கொள்கைக்காகப் பிள்ளையையே கொடுத்தவர் என்று சிலர் ஏசினார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் கடை தேடி வந்து, “உங்கள மாதிரி உறுதியான ஆள் இந்தக் காலத்தில இல்ல” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஸிபான் அவருக்கும் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி சொன்னார்.

நாற்பது நாள் கழிந்து ஒரு காலை, நஸ்லியா பாடசாலைப் பையைத் தோளில் மாட்டியபடி கேட்டார்.

“நானாவா தடுத்த?”

“இல்ல. பொறுக்கத்தான் சொன்ன.”

“நீங்க வாணாம்ன்டு நெனச்சீங்களா?”

“இல்ல.”

“மருந்து?”

“வந்திருந்த.”

ஸிபான் தன் வாழ்க்கையில் இரண்டு ‘இல்ல’ ஒரே மூச்சில் சொன்னது அன்றுதான். நஸ்லியா ஆறேகால் பஸ்ஸில் ஏறிப் போனார். இப்போது மடுல்கெல்லயில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்.

ஸிபான் தடுப்பூசியை எதிர்த்ததில்லை. அந்த இரண்டு புதன்கிழமைகளிலும் மகளைச் சாச்சி வீட்டில் விட்டுவிட்டு, எட்டரை மணிக்குக் கடையைத் திறந்தார்.