டொக்டர் எடுக்கவிடாத இரண்டாவது படம்

கல்முனைப் பல் டொக்டர் மௌத்தாகிவிட்டதாக மரண அறிவித்தல் வட்ஸ்அப்பில் வந்தபோது நான் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் இரண்டு நாளாக அவருடைய கைராசியைப் பற்றி எழுதுகிறீர்கள். கை நல்லதுதான். ஊசி போட்டதே தெரியாது. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

ஏ.எல். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவருடைய கிளினிக்கில் ஒரு வருடம் எக்ஸ்ரே எடுத்தேன். "படம் என்ன சொல்லுதெண்டு நான் சொல்றன். நீ கதைக்காத" என்பார். எல்லோர் முன்னாலும் என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, சவளக்கடை ஊரில் வேளாண்மை செய்யும் ஒருவர் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தார். படத்தில் வேர் நேராகத்தான் இருந்தது. ஆனால் நுனியில் ஒரு வெள்ளை வட்டம், நடுவில் கரும்புள்ளி. வேர் கன்னத்துப் பக்கம் வளைந்து நம்மைப் பார்த்து நின்றால் அப்படித்தான் விழும். மெஷினைச் சரித்து இன்னொரு படம் எடுத்தால் வளைவு தெரிந்துவிடும்.

"டொக்டர், வேர் வளைஞ்ச மாதிரி இரிக்கி. சரிச்சி இன்னொண்டு எடுப்பமா?"

"ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாச்சி. நீ எப்ப டொக்டரான?"

பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர்கூடச் சிரித்தார்.

வேர் முறிந்தது. அதன் பிறகுதான் சரித்து எடுக்கச் சொன்னார். தூண்டில் முள்போல் வளைந்த நுனி தாடைக்குள் தெளிவாக நின்றது. டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதரிடம் சொன்னார்: "பொடியன் முதல் எடுத்த படம் பிழ. அதாலதான் இப்படி."

நோண்டி எடுத்ததில் அவருக்குக் கீழுதட்டில் ஒரு பக்கம் மரத்தே போனது. எனக்கு ஊரில் 'பிழைப்படம்' என்று பெயர் விழுந்தது. அடுத்த கிழமை வேலையை விட்டேன்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் டொக்டரின் மகன் எழும்பி நின்றார். "எங்கட வாப்பா ஆருக்கும் பிழ செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க."

"பொருந்திக்கிட்டம்" என்று எல்லோரும் மன்னித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே செருப்புத் தேடும்போது சவளக்கடைக்காரர் என் தோளைத் தொட்டார். மரத்த பக்கத்தைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏன் மனே என்னக் கண்டு ஒளிக்காய்? உன்னையும் நான் அண்டைக்கே பொருந்திட்டன்."

டொக்டரின் மையித்து இன்னும் பள்ளிவாசலுக்குள் இருந்தது. "ஓம் காக்கா" என்று தலையாட்டினேன்.

நான் செய்யாத பிழைக்கு ஒரு மன்னிப்பு. டொக்டரால் எனக்கு மிஞ்சியது அது. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பொருத்தத்தையும் நானே வைத்திருக்கிறேன்.